கம்பிவழி இணைப்பு நின்றுபோனால்

வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுக் கணினி வெறும் பொழுதுபோக்குச் சாதனம் அன்று. ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் காண்பதும், பிள்ளைகள் தேர்வுக்கு விண்ணப்பிப்பதும் அதன் வழியே நடைபெறுகின்றன. கம்பியால் இணைத்த அக்கணினி ஒருநாள் திடீரென்று இணைய மறுத்தால் என் செய்வது? கணினியையே குறை கூறிப் பழுது பார்ப்பவரை அழைப்பவர் பலர். முறையாகத் தேடினால் குறை இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் நாமே கண்டுகொள்ளலாம்.

ஒரு கடிதம் உரியவரிடம் சேர மூன்று வேண்டும்: பாதை, முகவரி, பெயரைக் கொண்டு முகவரியை அறியும் ஏடு. கணினிக்கும் இம்மூன்றே வேண்டும். இந்த வரிசையிலேயே சோதித்தல் நன்று.

முதலாவது பாதை. கம்பி நுழையும் துளையின் அருகே பெரும்பாலான கணினிகளில் ஒரு சிறு விளக்கு உண்டு. அது எரியவில்லையெனில், கம்பியின் முனையை ஓசை கேட்கும்வரை அழுத்துங்கள். முனையிலுள்ள பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தால், பொருந்தியதுபோல் தோன்றினும் பொருந்தியிராது. பின்னர் ரவுட்டரில் வேறொரு துளையையும், அதன்பின் வேறொரு கம்பியையும் சோதியுங்கள். கம்பிக்குள் எட்டு மெல்லிய இழைகள் நான்கு இணைகளாக உள்ளன. 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு இணைகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகவே ஓர் இழை அறுந்தால், இணைப்பு அற்றுப்போகாமல் வேகம் மட்டும் குறைவதும் உண்டு. மழைக்காலத்து இடிமின்னலால் கணினியின் துளையே பழுதாவதும் உண்டு. அப்போது யுஎஸ்பி துளையில் பொருத்தும் சிறிய அடாப்டர் ஒன்று போதும். புதிய கணினி வாங்க வேண்டியதில்லை.

இரண்டாவது முகவரி. விளக்கு எரிந்தும் இணைப்பு இல்லையெனில், விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து 'ஐபிகான்பிக்' என்னும் ஆணையை இடுங்கள். நான்கு எண்களாலான முகவரி ஒன்று தோன்றும். அது 192.168 என்று தொடங்கினால், பொதுவாக அது ரவுட்டர் அளித்த முகவரியே. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி பெறாத கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இரண்டையும் அணைத்து, முதலில் ரவுட்டரை இயக்கி, சில நிமிடங்கள் கழித்துக் கணினியை இயக்குங்கள். முகவரியைத் தானாகப் பெறும்படி கணினியின் அமைப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மூன்றாவது ஏடு. 'பிங்' என்னும் ஆணையுடன் ரவுட்டரின் முகவரியை இடுங்கள். 'டீஃபால்ட் கேட்வே' என்று முன்னர்த் திரையில் தோன்றியது அதுவே. பதில் வந்தால் வீட்டிற்குள் குறையில்லை. அடுத்து 8.8.8.8 என்பதற்கு அவ்வாறே செய்யுங்கள். அதற்கும் பதில் வந்து, தளங்கள் மட்டும் திறக்கவில்லையெனில், பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் ஏட்டில் குறை. அந்த அமைப்பை மாற்றினால் சரியாகும். ரவுட்டர் பதில் தந்தும் 8.8.8.8 தராவிடில், குறை பெரும்பாலும் வெளியே உள்ளது. ஒளியிழைப் பெட்டியில் 'லாஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வந்து சேரவில்லை என்பதே பொருள். அதனைச் சீர்செய்வது இணைப்பு அளித்த நிறுவனத்தாரின் பணி.

இவ்வாறு ஆராய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளூர் மொழியில் நீண்ட விளக்கம் தர இயலாதவரும், "விளக்கு எரிகிறது, முகவரி 169.254" என்று சொல்லிவிடலாம். எண்கள் எம்மொழியினர்க்கும் பொது. குறை இருக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டுபவரிடம் வீண் செலவைச் சுமத்துவதும் எளிதன்று.