கையால் காரை நகர்த்துவது எப்படி?

தில்லிக்குப் புதிதாகக் குடிவந்து, முதன்முறையாகக் கடைத்தெருவுக்குக் காரை எடுத்துச் செல்லும் நம்மவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். வண்டியை நிறுத்தி, ஊரில் பழகியபடி ஹாண்ட் பிரேக்கை இழுத்தால், பார்க்கிங் ஆள் ஓடிவந்து "ஹாண்ட் பிரேக் மத் லகானா, ஸாப்" என்பார். கியரும் கூடாது, பிரேக்கும் கூடாது. நியூட்ரலில் விட்டுப் போக வேண்டும். பின்னால் நிற்கும் வண்டி வெளியே போகவேண்டி வந்தால் நம் வண்டியை அவர் தள்ளிக்கொள்வார். ஸ்கூட்டரை மனத்தில் வைத்துக் கட்டிய குடியிருப்புகளில், வீட்டுக்கு இரண்டு கார் என்று ஆகிவிட்ட இந்நாளில், இதே ஏற்பாடு நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது. காலையில் ஆபீஸ் புறப்படும் நேரத்தில் குறுக்கே நிற்கும் காரை நாமே தள்ளவேண்டி வருகிறது. தள்ளுவது எல்லோருக்கும் தெரியும். அடிபடாமல் தள்ளுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

காரைத் தள்ள எவ்வளவு பலம் வேண்டும்? நாம் நினைப்பதைவிடக் குறைவு. சமமான சிமெண்டுத் தரையில், டயர்களில் காற்று சரியாக இருந்தால், வண்டியின் எடையில் நூற்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்கு விசை போதும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 சுமார் 650 கிலோ எடை. அதை ஓடவைக்க 7 முதல் 10 கிலோ விசை போதுமானது. பள்ளிக்கூடப் பையன் தள்ளிவிடுவான். இன்னோவா போன்ற 1,600 கிலோவைத் தாண்டிய வண்டிக்கு 16 முதல் 24 கிலோ. அசையாமல் நிற்கும் வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும் இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஆகவே முதல் உந்துதலை ஒரேயடியாகக் கொடுக்காமல், லேசாக முன்னும் பின்னும் ஆட்டி, அது ஆடத் தொடங்கிய பிறகு தள்ளுவது நல்லது. இடுப்பு பிழைக்கும்.

இந்தக் கணக்கைத் தலைகீழாக்குவது சரிவு. இருபது அடிக்கு ஓர் அடி ஏறும் தரையில், எடையில் இருபதில் ஒரு பங்கு கூடுதலாகச் சேரும். இன்னோவாவுக்கு அது மட்டுமே 80 கிலோ. அடித்தளப் பார்க்கிங்குக்கு இறங்கும் சாய்தளம் பத்தடிக்கு ஓர் அடி என்றால் 160 கிலோ. ஓர் ஆள் நல்ல பிடிமானமுள்ள செருப்போடு தொடர்ந்து கொடுக்கக்கூடிய விசை 20, 25 கிலோதான். நாலு பேர் சேர்ந்தாலும் அந்த வண்டியை அங்கே தாங்கிப் பிடிக்க முடியாது. சாய்தளத்தில் காரைக் கையால் தள்ளவே கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

கண்ணுக்குத் தெரியாத சரிவு இன்னும் மோசம். தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் தளங்களில், தண்ணீர் வடிவதற்காக வேண்டுமென்றே சிறு வாட்டம் விட்டிருப்பார்கள். நூறடிக்கு ஓர் அடி வாட்டம் இருந்தால் ஒரு பக்கம் தள்ள இரட்டிப்பு பலம் வேண்டும். மறுபக்கம் தொட்டாலே ஓடும். வாட்டம் இன்னும் சற்று அதிகமானால் நியூட்ரலில் விட்ட வண்டி யாரும் தொடாமலே கிளம்பிவிடும். ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீர் ஓடும் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

வண்டி மெதுவாகத்தானே வருகிறது என்று காலை நீட்டி நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. ஒரு டன் எடையுள்ள கார், நாம் மெதுவாக நடக்கும் வேகத்தில், அதாவது வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வந்து, இரண்டு அங்குல தூரத்துக்குள் நின்றால், நிறுத்தும் பொருளின்மீது விழும் விசை சராசரி ஒரு டன். அந்தப் பொருள் நம் முழங்காலாக இருந்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்பில் காவலாளி ஒருவர் இப்படித்தான், உருண்டு வந்த காருக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு, கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டார். காரின் சொந்தக்காரர் பம்பரில் விழுந்த கீறலைப் பற்றித்தான் முதலில் கேட்டார் என்பது தனிக் கதை. காவலாளி ஒற்றை ஆளாகத் தள்ளட்டும் என்று மாடியிலிருந்து கை காட்டுகிறோமே, அது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். ஒருவர் தள்ள, ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கைப் பார்த்துக்கொள்ள என்று குறைந்தது இருவர் வேண்டும்.

உள்ளே உட்காருபவர் சில விஷயங்களைத் தெரிந்திருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எனவே சாவியைப் போட்டு 'ஆன்' நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். வண்டி நகரும்போது திருப்பினால் சற்று இலகுவாக இருக்கும். பிரேக் விஷயம் இதைவிட முக்கியம். மிதிக்கும் காலுக்கு உதவி செய்யும் பூஸ்டர், எஞ்சின் நின்ற பிறகு ஓரிரு மிதிகளுக்கு மட்டும் வேலை செய்யும். அதன்பின் பெடல் கெட்டியாகிவிடும். பிரேக் போய்விட்டது என்று பதறவேண்டாம். வழக்கத்தைவிட மிகவும் பலமாக அழுத்தி மிதித்தால் பிடிக்கும். ஹாண்ட் பிரேக்கில் ஒரு கை எப்போதும் இருக்கட்டும்.

தள்ளுபவர் கையை எங்கே வைப்பது? பானெட் தகரத்திலோ டிக்கி கதவின் நடுவிலோ வைத்தால் பள்ளம் விழும். இன்றைய பிளாஸ்டிக் பம்பர்களின் கொக்கிகள் கழன்றுகொள்ளும். ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்துத் தூணில் தோளைக் கொடுப்பது நல்லது. முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடக்கி, காலால் தள்ளுங்கள். லாரிக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு சூட்சுமம் உண்டு: டயரின் மேல் விளிம்பைப் பிடித்து முன்னோக்கிச் சுழற்றினால் பாதி பலம் போதும். உருளும் சக்கரத்தின் உச்சி, வண்டியைப் போல் இரு மடங்கு வேகத்தில் நகர்வதால் கிடைக்கும் லாபம் இது. அச்சைவிட இரு மடங்கு உயரத்தில் நெம்புகோல் வைத்த மாதிரி. ஆனால் மட்கார்டுக்குள் விரல் இழுபட்டுவிடும். கிளப்புவதற்கு மட்டும் ஒரு சாண் தூரம் சுழற்றிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். துப்பட்டா, புடவைத் தலைப்பு பக்கத்தில் வரவே கூடாது.

இன்னொருவர் கையில் முட்டுக்கட்டை இருக்கட்டும். நம் ஊர்த் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை; நூற்றுக்கணக்கானோர் வடம் இழுத்தாலும், தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்தான். திருவாரூர்த் தேருக்கே திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்த பின்னும் முட்டுக்கட்டைக்கு வேலை போகவில்லை. காருக்கு ஆப்பு வடிவில் அறுத்த மரத்துண்டு இரண்டு போதும். செங்கல் உடைந்துவிடும், உருண்டைக் கல் உருண்டுவிடும். கட்டை போடுபவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நடக்க வேண்டும், எதிரில் அல்ல.

உத்தரவு கொடுப்பவர் ஒருவராக இருப்பதும் அவசியம். நம் காலனிகளில் மூன்று பாஷையில் மூன்று பேர் கத்துவார்கள். "ஆனே தோ, ஆனே தோ" என்றால் யானை எங்கே என்று தேடுவதும், "பஸ், பஸ்" என்றால் பேருந்து வருகிறதோ என்று திரும்பிப் பார்ப்பதும் ஊரிலிருந்து வந்த மாமாக்களுக்கு சகஜம். அதற்குள் வண்டி சுவரில் போய் முட்டியிருக்கும். "நில்" என்று யார் சொன்னாலும் நிறுத்துவது, "தள்ளு" என்பதை ஒருவர் மட்டும் சொல்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பழைய கியர் வண்டிகளுக்குச் சரி. ஆட்டோமாட்டிக் வண்டியில் 'பி' நிலையில் கியர் பெட்டிக்குள் ஒரு பல் விழுந்து பூட்டிக்கொள்ளும். சாவியை ஆன் செய்து பிரேக்கை மிதித்துத்தான் 'என்'-க்கு மாற்ற முடியும். சில புது வண்டிகள் எஞ்சினை அணைத்ததும் தாமாகவே 'பி'-க்குப் போய், பொத்தான் பிரேக்கையும் போட்டுக்கொள்ளும். பாட்டரி இறங்கிவிட்டால் அதை விடுவிப்பது லேசில்லை. மின்சாரக் கார்களிலும் இதே தொல்லை. இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் பிறர் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தாமல் இருப்பதே மரியாதை. நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் கைபேசி எண்ணைக் கண்ணாடியில் எழுதி வைத்து, அழைத்தால் எடுக்கவும் வேண்டும்.

மழைக்காலத்தில் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாண்ட் பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் போனால், பின்சக்கர டிரம்மில் பிரேக் ஷூ துருவேறி ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை பேர் தள்ளினாலும் சக்கரம் சுற்றாது, தேயும். ஹாண்ட் பிரேக்கை விட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரத்தின் இரு பக்கமும் கட்டை வைத்துவிட்டு ரயிலேறுங்கள்.

அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே வாசலில் டிரெய்லர் வீடு நிற்பதைப் பார்த்திருக்கலாம். அதைத் தள்ள உதவி கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதில் ஸ்டியரிங் இல்லை, காரிலிருந்து கழற்றிவிட்டால் ஓட்டுநர் மிதிக்கும் பிரேக்கும் இல்லை. கொக்கி முனையில் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் இறங்கும் என்பதால் அதைக் கையால் தூக்கக் கூடாது. அதற்கென்று சக்கரம் வைத்த தள்ளுவண்டி விற்கிறது. முனையை இடப்பக்கம் தள்ளினால் பின்பாகம் வலப்பக்கம் வீசும். கராஜ் கதவின் விளிம்பை அங்கே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொக்கியைக் கழற்றுவதற்கு முன்பே சக்கரங்களுக்குக் கட்டை போட்டாயிற்றா என்று நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.