சீட்டில் ஒரு பெயர் ஏற

வேட்புமனு நாள் என்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். வெளியே கொடியும் கூச்சலும். உள்ளே வேட்பாளர், அவரை முன்மொழிபவர், வழிமொழிபவர். வைப்புத் தொகையைக் கட்டி, பத்திரங்களை ஒப்படைத்து, ஆட்சேபம் எதுவும் நிற்காவிட்டால் அன்றைக்கே பெயர் உறுதியாகிவிடுகிறது. பணம் புரட்டுவதுதான் பெரிய பாடு.

அமெரிக்காவில் சிறு கட்சிக்காரர்களின் பாடு வேறு. அங்கே பல மாநிலங்கள் பணத்தைவிட முக்கியமாகக் கேட்பது கையெழுத்து. பத்து, இருபது அல்ல. ஆயிரக்கணக்கில், சில இடங்களில் லட்சக்கணக்கில். "இந்தக் கட்சியின் பெயரை வாக்குச்சீட்டில் அச்சிட எனக்குச் சம்மதம்" என்று பதிவுபெற்ற வாக்காளர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டுப் போடுவதாக வாக்களிக்க வேண்டியதில்லை. பெயர் இருக்கட்டும் என்று சொன்னால் போதும். அந்த ஒரு சொல்லை வாங்குவதற்காகத் தொண்டர்கள் தெருத்தெருவாக அலைகிறார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்புவரை அமெரிக்காவில் அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சிட்டதே இல்லை. ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சடித்து ஆட்களிடம் கொடுத்தது. யார் எந்தக் கட்சியின் சீட்டைப் போடுகிறார் என்பது ஊருக்கே தெரியும். மிரட்டலுக்கும் லஞ்சத்துக்கும் கேட்க வேண்டுமா? ஆஸ்திரேலியாவில் 1856-இல் அரசே அச்சிட்ட சீட்டில் இரகசியமாக வாக்களிக்கும் முறை வந்தது. 1888 முதல் அமெரிக்க மாநிலங்களும் ஒவ்வொன்றாக அதை ஏற்றுக்கொண்டன. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அரசாங்கம் அச்சிடுகிறது என்றால் எந்தெந்தப் பெயரை அச்சிடுவது என்பதையும் அரசாங்கம்தானே முடிவு செய்ய வேண்டும்? சட்டசபையில் உட்கார்ந்து அந்த விதியை எழுதியவர்கள் யார்? ஏற்கெனவே சீட்டில் பெயர் உள்ள இரண்டு பெரிய கட்சிக்காரர்கள்.

1967-இல் கலிபோர்னியாவில் நடந்ததைப் பார்ப்போம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஆளும் ஜனநாயகக் கட்சி போரை நடத்திக்கொண்டிருந்தது. எதிரே இருந்த குடியரசுக் கட்சியும் போருக்கு எதிரியல்ல. போர் வேண்டாம் என்பவர்கள் யாருக்கு ஓட்டுப் போடுவது? மாணவர்களும் போர் எதிர்ப்பாளர்களுமாகச் சேர்ந்து 'அமைதி, சுதந்திரக் கட்சி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

கலிபோர்னியச் சட்டம் இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று, முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கையெழுத்து. அதாவது ஆறரை லட்சத்துக்கும் மேலே. மற்றது, நூற்றுக்கு ஒரு பங்கு வாக்காளர்கள் தங்கள் பதிவையே புதிய கட்சிக்கு மாற்றிக்கொள்வது. அந்தக் கணக்கு 66,059 பேர். 1968 ஜனவரி முதல் வாரத்துக்குள் முடிய வேண்டும்.

இரண்டாவது வழி எண்ணிக்கையில் சிறியது. ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. அங்கே ஒருவர் இன்ன கட்சிக்காரர் என்று வாக்காளர் பட்டியலிலேயே எழுதப்படும். ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர் பெயரை மாற்றிக்கொண்டால், மாற்றியிருக்கும் வரை அந்தக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. வெறும் கையெழுத்து என்றால் தயவுக்குப் போட்டுவிடலாம். இது அப்படியல்ல; இருக்கும் வீட்டை விட்டுவிட்டு, இன்னும் கூரை போடாத வீட்டுக்கு வரச் சொல்வது. போதாக்குறைக்கு நவம்பர் கடைசியில், போரை எதிர்த்த யூஜின் மக்கார்த்தி என்ற செனட்டர் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே போட்டியிடப்போவதாக அறிவித்துவிட்டார். "அவருக்கு ஓட்டுப் போட நான் இங்கேயே இருக்க வேண்டுமே" என்று ஒருவர் சொன்னால் தொண்டர் என்ன பதில் சொல்வார்?

இந்த வேலையின் சிரமம் கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கியவர்களுக்குத் தெரியாது. கடைத்தெருவில் நிற்க வேண்டும். பத்துப் பேரை நிறுத்தினால் ஏழு பேர் நிற்காமலே போவார்கள். நிற்கிறவரில் ஒருவர் சண்டைக்கு வருவார். மற்றவர் அரைமணி நேரம் தம் கதையைச் சொல்லிவிட்டு, கடைசியில் வாக்காளராகப் பதிந்ததே இல்லை என்பார். கையெழுத்து மனுவானால் இன்னும் கெடுபிடி. பட்டியலில் உள்ள முகவரி வேறு, இப்போது எழுதிய முகவரி வேறு என்றால் அடித்துவிடுவார்கள். எழுத்துப் புரியவில்லை என்றாலும், ஒருவரே மறந்துபோய் இரண்டு தாளில் போட்டிருந்தாலும் அதே கதிதான். அதனால்தான் அனுபவமுள்ள தொண்டர்கள் கேட்ட தொகையோடு நிறுத்துவதில்லை; கழிந்து போவதற்கும் சேர்த்தே வாங்கி வைக்கிறார்கள். நெல் அளப்பவன் பதருக்குச் சேர்த்து அளப்பது போல.

அமைதிக் கட்சிக்காரர்கள் ஜனவரிக் கெடுவுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பதிய வைத்துவிட்டார்கள்.

அதே மாநிலத்தில், அதே கெடுவுக்குள், அதே 66,059 என்ற கோட்டைத் தாண்ட இன்னொரு கூட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. அது அலபாமா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸின் கூட்டம். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படிக்கக் கூடாது என்று, 1963-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் வாசலில் போய் நின்ற அதே மனிதர். அவருடைய அமெரிக்கச் சுயேச்சைக் கட்சியும் ஒரு லட்சத்துக்கு மேல் பதிந்துகொண்டு உள்ளே வந்தது. ஒன்றையொன்று கண்ணில் காணப் பிடிக்காத இரு கட்சிகள் ஒரே வாசல் வழியாக நுழைந்தன.

வாலஸின் கொள்கையை நான் வெறுக்கிறேன். தோலின் நிறத்தைப் பார்த்து மனிதனை ஒதுக்கிவைக்கும் அரசியலை நம்மவர் யாருமே ஏற்க முடியாது. என்றாலும் அடுத்து ஒஹாயோ மாநிலத்தில் அவருடைய ஆட்களுக்கு நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒஹாயோவில் புதிய கட்சி என்றால் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கையெழுத்து வேண்டும். 1968-இல் அது 4,33,100. நவம்பர் தேர்தலுக்கு, பிப்ரவரி 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும். பெரிய கட்சிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. முந்தைய ஆளுநர் தேர்தலில் நூற்றுக்குப் பத்து வாக்கு வாங்கியிருந்தால் ஒரு கையெழுத்தும் வேண்டாம். வாலஸ் கட்சி ஒஹாயோவில் அமைந்ததே அந்த ஜனவரியில்தான். ஆறு மாதத்தில் அவர்கள் நாலரை லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். தொகை சரி, தேதி தவறிவிட்டது என்று மாநில அரசு மறுத்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1968 அக்டோபர் 15-இல், ஆறு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாக, ஒஹாயோவின் விதிகள் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக்; அவரும் அலபாமாக்காரர்தான். மேடைதோறும் மத்திய நீதிமன்றங்களைத் திட்டிக்கொண்டிருந்த வாலஸுக்கு அந்த நீதிமன்றமே கதவைத் திறந்து விட்டது. நவம்பர் 5-இல் ஒஹாயோவில் அவருக்கு விழுந்த வாக்கு ஏறத்தாழ 4 லட்சத்து 67 ஆயிரம். கையெழுத்துக் கேட்ட சட்டத்தின் அளவு எவ்வளவு பெரியது என்பதை இதிலிருந்தே அறியலாம். வாக்குப் பெட்டியில் விழுந்ததற்குக் கிட்டத்தட்டச் சமமான கைகளை முன்கூட்டியே தாளில் காட்டச் சொன்னது அது.

அந்தத் தீர்ப்போடு எல்லாக் கதவும் திறந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். ஜார்ஜியா மாநிலம் நூற்றுக்கு ஐந்து பங்கு கையெழுத்துக் கேட்டது. 1971-இல் அதே உச்ச நீதிமன்றம் அது சரி என்றது. அங்கே அதிபர் தேர்தலுக்கு மட்டும் 7,500 கையெழுத்துப் போதும் என்று ஒரு நீதிபதி குறைத்தது 2016-இல்தான். கலிபோர்னியாவின் அமைதிக் கட்சியும் 1998-இல் இடத்தை இழந்து, மறுபடி ஆள் பதிந்து, 2003-இல்தான் திரும்ப வந்தது. 1968-இல் அவர்கள் கட்சிக்கு இடம் கிடைத்தும், அதிபர் வேட்பாளர் எல்ட்ரிஜ் கிளீவருக்கு 35 வயது நிரம்பவில்லை என்று அவர் பெயரை மாநிலம் அச்சிடவில்லை. ஒரு லட்சம் பேரைத் தேடிப் பிடித்தவர்கள் பிறந்த தேதியைப் பார்த்திருக்கலாம்.

ஒஹாயோ வழக்கில் வாலஸோடு இன்னொரு கட்சியும் நின்றது. சோஷலிசத் தொழிற்கட்சி, பழைய கட்சி. அந்த மாநிலத்தில் மொத்த உறுப்பினர் 108 பேர். நான்கு லட்சம் கையெழுத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? சட்டம் தவறு என்று அவர்களும் வழக்காடினார்கள்; சட்டம் தவறு என்றே தீர்ப்பும் வந்தது. ஆனால் இடைக்கால உத்தரவு கேட்டு வாலஸ் கட்சி வந்த சில நாள் கழித்தே இவர்கள் வந்தார்கள். அதற்குள் சீட்டு அச்சடிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதைக் கலைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாலஸின் பெயர் அச்சில் ஏறியது. இவர்களுக்கு வேண்டியவர்கள், சாவடியில் காலியாக விட்டிருந்த இடத்தில் பெயரைத் தாங்களே கையால் எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.