நட்சத்திரக் கேள்வியும் நமது பதிவேடும்

மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்குகிறது. அதற்கு ஒரு மணி நேரமே உண்டு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு 20. இவற்றுக்கு மந்திரி எழுந்து விடை கூற வேண்டும். உடனே உப கேள்விகளும் எழும். பாதிப் பட்டியலை எட்டுமுன் மணி பன்னிரண்டாகிவிடுவதும் உண்டு. குறியில்லாத 230 கேள்விகளுக்கு விடைகள் எழுத்து மூலம் சபையில் வைக்கப்படும். பிறகு அவசர விஷயங்களுக்கான பூஜ்ய நேரம் (விதிப் புத்தகத்தில் இப்பெயர் இல்லை!), மசோதாக்கள், விவாதம்.

டில்லியில் கேட்பது நம் கிராமத்துக்கு எதற்கு என்று சிலர் எண்ணலாம். கேள்வி கேட்க 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். மந்திரியின் இலாகாவிடம் விவரம் இல்லையெனில், அந்நாட்களில் ராஜ்யம், மாவட்டம், வட்டாரம் எனக் கேள்வி இறங்கி வருகிறது. பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் முடிந்த வீடுகள் எத்தனை, கூரையின்றி நிற்பவை எத்தனை என்று வினவினால், நாம் பார்ப்பது ஊராட்சிப் பதிவேட்டையே. கூரையில்லா வீட்டை முடிந்ததென எழுதியிருந்தால், மந்திரி கூறும் தொகையில் அதுவும் சேர்ந்துவிடும். அக்குடும்பம் மழையில் நனைவதை எவரும் விசாரியார்.

விவரம் திரட்டித் தருவதாக மந்திரி கூறினால் அது உறுதிமொழியாகிறது. மூன்று மாதத்துக்குள் அதனை நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்கத் தனிக் குழு உண்டு. ஆயினும் பிழையான எண்ணைத் திருத்தக் கூடியவர் கிராமத்தாரே. கிராம சபையில் பயனாளிகளின் பட்டியல் வாசிக்கப்படும்போது, தம் வீட்டின் நிலை எவ்வாறு எழுதப்பட்டுள்ளது எனக் கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.