பலகையின் பூர்வீகம்

பழைய பலகையில் பூந்தொட்டி, கொடிப்படல், உட்காரும் மணை என்று வீட்டுத் தோட்டத்துக்குச் செய்துகொள்ளும் ஆர்வம் வரவேற்க வேண்டியது. ஆனால் பலரும் படத்தைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்துவிட்டு, பிறகுதான் மரம் தேடப் போகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது மரத்தை. அது இதுவரை எங்கே கிடந்தது, எதைச் சுமந்தது, எதில் ஊறியது என்பதைப் பொறுத்தே தோட்டத்தில் அதற்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று சொல்ல முடியும்.

எளிதில் கிடைக்கும், சரக்கு அடுக்கும் பேலட் பலகையையே எடுத்துக்கொள்வோம். நாடு விட்டு நாடு போகும் சரக்கு மரத்தில் கோதுமைக் கதிர் பொறித்த முத்திரை இருக்கும். மரத்தோடு பூச்சிகளும் பரவிவிடாமல் தடுக்க 2002-இல் வந்த சர்வதேச விதியின் அடையாளம் அது. முத்திரையில் 'எச்.டி.' என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகைமூட்டம் போட்டது. வாயு நாளடைவில் வெளியேறிவிடும் என்பார்கள், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எச்.டி. பலகை தாராளமாகக் கிடைக்கும்போது கீரைத் தொட்டிக்கு மற்றதை ஏன் எடுக்க வேண்டும்? இன்னொன்று: வழியில் பலகைமேல் சிந்திய பூச்சிமருந்தையோ எண்ணெயையோ எந்த முத்திரையும் காட்டாது. கறையும் வாடையும் உள்ளதை ஒதுக்கிவிடுவதே சரி.

இடித்த வீட்டின் நிலையும் கைமரமும் இதைவிடப் பெரிய செல்வம். வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. அதே மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கு அந்தப் பலம் கிடையாது. ஆபத்து பழைய பெயின்டில் இருக்கிறது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாள் போட்டு ஈரமில்லாமல் தேய்த்தால், ஈயத்தூசி குழந்தைகள் விளையாடும் மண்ணில்தான் படியும். பெயின்ட் உரியும் பலகையை விட்டுவிட்டு, பூசாத உத்தரத்தைத் தேடுவது நல்லது.

மரம் மழையில் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி நியாயமானது. ஈரம் தங்கினால்தான் பூஞ்சை பிடிக்கும். கரையானும் பெரும்பாலும் மண்வழியே ஏறுகிறது. எனவே கால்களை மண்ணில் புதைக்காமல் கல்லின்மேல் நிறுத்த வேண்டும், தொட்டியின் அடியில் துளையிட வேண்டும். கெட்டியான பெயின்ட் பூச்சு இந்த வேலையைச் செய்யாது. அது விரிசல் விட்டதும் உள்ளே போன நீர் வெளியேற வழியின்றி மரம் உளுத்துப்போகும். தேய்ந்த ரேகையும் ஆணித் துளையும் வெளியே தெரிய, எண்ணெய் மட்டும் பூசிய மரம்தான் என் கண்ணுக்கு அழகு.

பூர்வீகமே தெரியாத கட்டையை உணவுச் செடிகளுக்கு அருகில் வைக்க வேண்டாம். பச்சைச் சாயல் தெரிந்தால் தொடவே வேண்டாம்; ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருக்கலாம். அதை அடுப்பில் எரித்தால் நஞ்சு புகையிலும் சாம்பலிலும் வரும்.