ஓடும் வண்டியில் ஒரு மின் நிலையம்

தேனியிலிருந்து மோட்டார் சைக்கிளில் சுற்றுலா புறப்படும் இரு நண்பர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சின்னமனூரைக் கடந்து, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மேகமலைக்கு ஏறுகிறார்கள். இரவு அங்கேயே தங்கல். கைபேசிகள் இரண்டு, காமிரா, கைவிளக்கு எல்லாவற்றிற்கும் வண்டியின் பாட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறார்கள். விடிந்ததும் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துகிறார்கள். ‘டக், டக்’ என்ற ஓசை மட்டுமே வருகிறது. உதைத்துக் கிளப்பலாமென்றால், அந்த வண்டியில் கிக்கர் கிடையாது!

தவறு எங்கே நேர்ந்தது? அதை அறிய, வண்டியில் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

லோயர் கேம்ப்பில் நடப்பதே இங்கும்

கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளி மலைக்குக் கீழே லோயர் கேம்ப் இருக்கிறது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் வருகிறது. அங்கிருந்து பெருங்குழாய்களில் பாய்ந்திறங்கி, மின் நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1958-இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் நான்கு மின்னாக்கிகள் உள்ளன.

கம்பிச்சுருளின் அருகே காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தோன்றும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த உண்மை இது. லோயர் கேம்ப்பில் அந்தச் சுழற்சியைத் தருவது நீர். மோட்டார் சைக்கிளில் தருவது எஞ்சின். எஞ்சினின் முதன்மைத் தண்டோடு சேர்ந்து காந்தங்கள் சுழல்கின்றன. பக்கத்தில் கம்பிச்சுருள்கள் அசையாமல் நிற்கின்றன. சுருளில் கிடைப்பது மாறுதிசை மின்னோட்டம். மின்திருத்தி அதை நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகிறது. சீராக்கி அதன் அழுத்தத்தை ஏறத்தாழ 14 வோல்ட்டில் நிறுத்துகிறது. இதுவே 12 வோல்ட் பாட்டரியை மின்னேற்றுகிறது.

வரவும் செலவும்

நம் வண்டியின் மின்னாக்கி, சாலையில் சீராக ஓடும்போது 200 வாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்விளக்குக்கு 55 வாட். பின்விளக்குக்கும் மற்றச் சிறு விளக்குகளுக்கும் 15. தீப்பொறிக்கும் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்புக்கும் 60. பாட்டரியை மின்னேற்ற 20. மொத்தச் செலவு 150. மீதி 50 வாட்தான். 2017 ஏப்ரலுக்குப் பின் இந்தியாவில் விற்பனைக்கு வந்த புதிய இருசக்கர வண்டிகளில், எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரியும். ஆகவே, பகலிலும் அந்தச் செலவைக் குறைக்க முடியாது.

10 வாட் கைபேசிக்கு இந்த மீதி தாராளம். ஆனால் 120 வாட் வெந்நீர்க் கெண்டிக்கு? 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர் இழுக்கும். அரை லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 168 கிலோ ஜூல் தேவை. வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டால்கூட, 1,400 நொடிகள், அதாவது 23 நிமிடங்கள் ஆகும். சாலையோரத் தேநீர்க் கடையே மேல்!

மேலும், 200 வாட் என்பது ஓடும் வேகத்தில்தான். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் வரவு குறையும். பாட்டரி கையிருப்பிலிருந்து கொடுக்க நேரும்.

இரவில் நடந்த களவு

இப்போது மேகமலைக்குத் திரும்புவோம். எஞ்சின் நின்றுவிட்டால் வரவே இல்லை, எல்லாம் கையிருப்புத்தான். அந்தப் பாட்டரியின் கொள்ளளவு 9 ஆம்பியர்-மணி. ஒரு கைபேசியை முழுதாக நிரப்ப, வழியில் வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 24 வாட்-மணி வேண்டும். அதை 12-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர்-மணி. இரண்டு கைபேசிகளுக்கு 4. காமிராவுக்கும் கைவிளக்குக்கும் சேர்த்து 2 என்று கொண்டால், மொத்தம் 6. மூன்றில் இரண்டு பங்கு போயிற்று!

ஸ்டார்ட்டரோ ஒருசில நொடிகளுக்கு 50 ஆம்பியருக்கும் மேல் கேட்கும். மலைக்குளிரில் பாட்டரியின் வேதிவினை மந்தமாகும். பாட்டரி பழையதாகவும் இருந்தால் சொல்லவே வேண்டாம். சரிவில் தள்ளிக் கிளப்பலாமா? பாட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால் முயலலாம். முற்றும் தீர்ந்துவிட்டால், புதிய வண்டிகளில் பெட்ரோல் பம்பே இயங்காது. வெறுமையான ஈய-அமிலப் பாட்டரியை அப்படியே விட்டுவைத்தால், தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் கெட்டிப்பட்டு, பாட்டரியே பாழாகிவிடும்.

இன்னொரு மறைமுகக் களவும் உண்டு. பாட்டரியோடு நேராக இணைத்த மின்னேற்றித் துளை, கைபேசி செருகப்படாதபோதும் சிறிது மின்னோட்டத்தை உண்ணும். அது 20 மில்லி ஆம்பியர் என்றால், பத்து நாளில் 4.8 ஆம்பியர்-மணி. வீட்டில் சும்மா நிற்கும் வண்டியில் பாதிப் பாட்டரி காலி! சாவியைத் திருப்பினால் மட்டுமே உயிர் பெறும்படி அதை இணைப்பதே முறை.

கம்பியும் ஃபியூஸும்

பழைய புல்லட், யெஸ்டி வண்டிகளில் 6 வோல்ட் பாட்டரி இருந்தது. அழுத்தம் பாதியானால், அதே திறனுக்கு மின்னோட்டம் இரு மடங்கு வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது நான்கு மடங்காகும். பிற்காலத்தில் 12 வோல்ட் வழக்கிற்கு வந்ததன் பயன் இப்போது விளங்குகிறதல்லவா?

கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால், பாட்டரி தன் முழு மின்னோட்டத்தையும் கொட்டும். கம்பி பழுத்துத் தீப்பற்றும். பக்கத்திலேயே பெட்ரோல் தொட்டி! எனவே பாட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ் இருப்பது கட்டாயம். வண்டியின் மின் இணைப்பில் நீங்களாகக் கை வைக்காதீர்கள். தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இலவசம் எதுவுமில்லை

‘எஞ்சின் எப்படியும் ஓடுகிறதே, மின்சாரம் இனாம்தானே?’ என்று கேட்கலாம். இல்லை. கூடுதலாக 100 வாட் மின்சாரத்தை ஒரு மணி நேரம் எடுத்தால், எஞ்சினும் மின்னாக்கியும் வீணாக்குவதையும் சேர்த்து, ஏறத்தாழ 100 மில்லி லிட்டர் பெட்ரோல் அதிகம் எரியும். ஒரு கோப்பைத் தேநீர் அளவு!

இதை நீங்களே சோதிக்கலாம். டைனமோ பொருத்திய சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, டைனமோ சக்கரத்தைத் தொடும்படி வைத்து, பெடலைக் கையால் சுற்றுங்கள். பிறகு விளக்குக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். எப்போது பளு அதிகம்? விளக்கு எரியும்போதுதான். அந்த ஒளிக்கு விலை கொடுத்தது உங்கள் கை.

மேகமலை நண்பர்கள் செய்திருக்க வேண்டியது இதுதான்: பகலில் வண்டி ஓடும்போதே கைபேசிகளை நிரப்பியிருக்கலாம். இரவில் பாட்டரிக்கு ஓய்வு தந்திருந்தால், காலையில் அது அவர்களைக் கைவிட்டிருக்காது.