கம்பிக்குள் ஒண்டுக்குடித்தனம்

டிஎஸ்எல் மோடத்தை முதன்முதலாகப் போட்டதும் ஒரு விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிக்கொண்டே இருக்கும். பொறுமையில்லாதவர்கள் அணைத்து மறுபடி போடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மோடம் அப்போதுதான் தொலைபேசிக் கம்பியின் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்பி பேசுவதற்காகப் போடப்பட்டது. பேச்சுக்குத் தேவை ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். மேலே காலியாகக் கிடந்த மாடியில் குடிவந்தது இணையம். வீடுகளுக்கு வந்த ஏடிஎஸ்எல், சுமார் 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1.1 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தைச் சின்னச் சின்னத் தடங்களாக நறுக்கிக்கொள்கிறது. மோடம் ஒவ்வொரு தடத்தையும் தட்டிப் பார்க்கும். தெளிவானதில் நிறைய பிட்டுகளை ஏற்றும், இரைச்சலானதில் குறைத்துக்கொள்ளும், உருப்படாததை விட்டுவிடும். மீடியம் வேவ் வானொலியின் ஒரு பகுதி ஒலிபரப்பாவதும் இதே எல்லைக்குள்தான். ஒலிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் தொலைபேசிக் கம்பியே ஆன்டெனாவாகிச் சில தடங்களைக் கெடுத்துவிடும்!

கீழ்வீட்டுப் பேச்சும் மாடிவீட்டுத் தரவும் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா. உள்ளறையில் இன்னொரு தொலைபேசி இருந்தால் அதற்கும் ஒரு ஃபில்டர் போட வேண்டும். மறந்தால் தாத்தா ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் பேரனுக்கு நெட் அறுந்துபோகும்.

டிஎஸ்எல்லின் உண்மையான எதிரி தூரம். செம்புக் கம்பியில் அதிர்வெண் கூடக்கூட அலை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஏடிஎஸ்எல்லின் மேம்பட்ட வடிவமான ஏடிஎஸ்எல்2+, தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் விநாடிக்கு 24 மெகாபிட் வரை தரும். நாலைந்து கிலோமீட்டர் போனால் தள்ளாடும். இந்தத் தூரம் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளப்பது அல்ல. தெருவோரப் பில்லர் பெட்டிகளைத் தொட்டுத் தெருத்தெருவாகச் சுற்றிவரும் கம்பியின் நீளம். இடையில் ஒரு ஜாயின்ட் மழையில் ஊறினால் அந்தக் கணக்கும் போயிற்று.

தொலைக்காட்சிக்காகப் போட்ட கோஆக்ஸியல் கேபிளின் கதை வேறு. நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் இருப்பதால் வெளி இரைச்சல் எளிதில் நுழையாது. நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸ் தாராளமாகப் போகும். அமெரிக்காவில் ஒரு சேனலுக்கு ஒதுக்கிய 6 மெகாஹெர்ட்ஸ் இடத்திலேயே சுமார் 38 மெகாபிட் தரவை அடைக்க முடிந்தது. ஆனால், அது தெருவுக்கே பொதுக் குழாய். காலை பத்து மணிக்குப் பாய்ந்து வருவது, எல்லோரும் படம் பார்க்க உட்காரும் இரவு ஒன்பதுக்குச் சொட்டலாம். வீட்டிலிருந்து மேலே அனுப்பும் வழி இன்னும் குறுகல். எல்லா வீட்டு இரைச்சலும் ஒன்றாகத் திரண்டு அதில்தான் ஏறும். வீடியோ அழைப்பில் உங்கள் முகம் மட்டும் உறைந்து நிற்க இதுவும் ஒரு காரணம்.

இரண்டு கம்பிகளும் கிட்டத்தட்ட ஒரே வயது என்பது வேடிக்கை. ஆலிவர் ஹெவிசைட் கோஆக்ஸியல் கேபிளுக்குக் காப்புரிமை பெற்றது 1880-இல். கிரகாம் பெல் தொலைபேசியின் முறுக்கு இணைக் கம்பிக்குப் பெற்றது 1881-இல். இணையத்தை இருவரும் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், எக்ஸ்சேஞ்ச் தொலைவில் இருந்தால் யோசிக்காமல் கேபிள். பக்கத்தில் இருந்தால் எதிர்வீட்டுக்காரரிடம் இரவு ஒன்பது மணிக்கு அவர் கேபிள் இணைப்பு எப்படி ஓடுகிறது என்று கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் கேட்க வேண்டும். இங்கே ‘கேபிள் நெட்’ என்று சொல்லிக் கொடுத்ததில் பல, டிவி கேபிளில் வருவதே இல்லை. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி இழுத்த லான் வயர். வீட்டுக்குள் நுழைவது எந்தக் கம்பி என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

2004-இல் வந்த இந்திய அகண்ட அலைவரிசைக் கொள்கை, 256 கிலோபிட் இருந்தாலே ‘பிராட்பேண்ட்’ என்றது. 5 மெகாபைட் பாட்டு ஒன்று இறங்க இரண்டரை நிமிடம் ஆகும் வேகம் அது. இப்போது ஃபைபர் வந்துவிட்டது. அங்கேயும் தனி வீடு கிடையாது. பரவலாக உள்ள ஜிபான் முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே கண்ணாடி இழையின் இரண்டரை ஜிகாபிட்டை, மின்சாரமே தேவைப்படாத ஒரு சின்னப் பிரிப்பான் 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பங்கு போடுகிறது.