கட்டாயத் தொண்டு தொண்டாகுமா?



இத்தனை மணி நேரம் மக்களுக்குத் தொண்டு செய்திருந்தால்தான் பள்ளியிறுதிச் சான்றிதழ் கிடைக்கும் என்றொரு விதி இருந்தால், அது நன்மையா, சுமையா? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992-இல் அத்தகைய விதியை இயற்றியது. 1997-இல் பள்ளி முடித்தவர்கள் முதல் அங்கே 75 மணி நேரத் தொண்டு கட்டாயமாயிற்று. இது அயல்நாட்டுப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். இதே கேள்வியை நம் நாடு அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து விட்டது.

1959-ஆம் ஆண்டு சி.டி. தேஷ்முக் தலைமையில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் ஒவ்வொரு மாணவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசத் தொண்டாற்றுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரை. செலவையும் நடைமுறைச் சிக்கலையும் கருதி அரசு அதனை ஏற்கவில்லை. பிறகு 1960-இல் பல நாடுகளின் தொண்டு முறைகளை ஆராய்ந்து வரும் பொறுப்பு கல்வியாளர் கே.ஜி. சையிதைன் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பானிபட்டில் பிறந்தவர்; உருதுக் கவிஞர் ஹாலியின் வழித்தோன்றல். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவார்கள்? அவர் கூறிய ஆலோசனை, தொண்டினை மாணவரின் விருப்பத்தின் பேரில் தொடங்குக என்பதே. காந்தியடிகளின் நூற்றாண்டை ஒட்டி 24.9.1969 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் அந்த வழியில் வந்ததாகும். பின்னாளில் அது மேல்நிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

ஆகவே நம் தேனி மாவட்டத்து அரசுப் பாடத்திட்ட மாணவர் விரும்பினால் மட்டுமே நலப்பணித் திட்டத்தில் சேருகிறார். சேர்ந்தவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டத்திலோ சமூகப் பயனுள்ள ஆக்கப்பணியில் தேறாதவருக்குத் தேர்ச்சிச் சான்றிதழ் இல்லை. தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் பட்டப் படிப்பின் ஐந்தாம் பகுதியாக விரிவாக்கப் பணி வைக்கப்பட்டிருக்கிறது.

கட்டாயப்படுத்தினால் தொண்டின் உயிர் போய்விடாதா என்று கேட்கிறார்கள். மார்க்கம் அறிந்தோருக்கு இது புதிய கேள்வியன்று. ஸதகா விருப்பம், ஜகாத் கட்டாயக் கடமை. கடமை என்பதால் ஜகாத்தின் மதிப்புக் குறைந்து விடவில்லை. வற்புறுத்தி வசூலித்தாலும் ஏழையின் பங்கு ஏழையைச் சென்றடைகிறது. கொடுத்தவருக்குரிய நன்மையோ அவருடைய நிய்யத்தைப் பொறுத்தது. எனவே மாணவரின் மனநிலையைப் பற்றி வாதிடுவதற்கு முன்னர், தொண்டினைப் பெற்றவருக்கு என்ன கிடைத்தது என்று பார்க்க வேண்டும். பதாகை பிடித்து ஊர்வலம் போய், படம் எடுத்து, பதிவேட்டில் நான்கு மணி நேரம் என்று எழுதிக் கொண்டால் யாருடைய பங்கு யாருக்குச் சேர்ந்தது?

எனது தயக்கம் வேறொரு இடத்தில் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி, கம்பம் மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் பலர். அவர்கள் வீடு திரும்புவது பொழுது சாயும் வேளையில். அதுவரை தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்பவள் அந்த வீட்டின் மூத்த மகள். ப்ளஸ் டூ படிக்கும் அவள் ஆண்டு முழுவதும் செய்யும் பணிவிடை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. தொண்டினைச் சான்றிதழின் நிபந்தனையாக்கினால், வசதியான வீட்டுப் பிள்ளை விடுமுறையில் 75 மணி நேரத்தை எளிதில் நிரப்பிவிடுவான்; அவளோ தவறிப் போவாள். இதனாலேயே, விதி வந்தால் இல்லப் பொறுப்பையும் கணக்கில் கொள்ளும் விதியாக அது அமைய வேண்டும் என்கிறோம்.

விதி வரும்வரை ஜமாஅத்துகள் காத்திருக்கத் தேவையில்லை. மாலை வேளையில் மதரஸா மண்டபத்தைத் திறந்து, விளக்கேற்றி, தோட்டத் தொழிலாளரின் சிறு பிள்ளைகளை எம்மதத்தவராயினும் அங்கே அமர்த்தலாம். நம் கல்லூரி மாணவர்கள் அவர்களுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தரட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் மூத்தவள் தன் சொந்தப் புத்தகத்தைத் திறப்பாள்.